ஜனவரி மான்: தெற்கு அரிசோனாவில் முதன்முறை வில் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் பலவற்றில் மியூல் மான் (பெரிய காதுள்ள ஒரு மான் வகை) வேட்டை நவம்பரோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். பனி விழுந்து மலைப்பாதைகள் அடைபட்டு எல்லோரும் வீடு திரும்பிய பிறகுதான் தெற்கு அரிசோனாவில் சூடு பிடிக்கிறது. டிசம்பரின் பிற்பகுதியிலிருந்து ஜனவரி முடியும் வரை அங்கே வில்லுக்கு மட்டுமான பருவம் ஒன்று திறந்திருக்கும். பாலைவனத்து மியூல் மான்கள் இணைசேருவதும் அதே நாட்களில்தான். கொலராடோவிலும் வயோமிங்கிலும் நவம்பரிலேயே உச்சத்துக்குப் போய்விடும் விஷயம் இங்கே இவ்வளவு தள்ளிப்போவதற்குக் காரணம் மழை. இந்த மானின் சினைக்காலம் சுமார் 200 நாள். ஜனவரித் தொடக்கத்தில் சினை பிடித்தால் ஜூலைக் கடைசியில் குட்டி பிறக்கும். கோடை மழை இறங்கி, பாலைவனம் பச்சை கட்டும் நேரம் அது.

புதியவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது என்பேன். மற்ற மாதங்களில் பகல் முழுக்கப் புதருக்குள் படுத்துக் கிடக்கும் வயதான ஆண் மான்கூட இப்போது பெட்டைகளின் பின்னால் நடுப்பகலில் அலையும். வெயிலும் கொல்லாது: டூசான் பக்கம் ஜனவரியில் பகலில் 18, 19 டிகிரி செல்சியஸ், இரவில் 4, 5 டிகிரி, பள்ளத்தாக்கின் அடியில் உறைபனியே விழும். ஆனால் மானைப் பார்ப்பது எளிதாக இருக்கிறது என்பதற்காக அம்பு எய்யும் தூரத்துக்குப் போவதும் எளிது என்று எண்ணிவிடாதீர்கள். இந்த வேட்டையில் முக்கால்வாசி நேரம் உட்கார்ந்து பார்க்கிற வேலை. மீதியில் பெரும்பகுதி, அசையாமல் காத்திருக்கிற வேலை. வில்லை இழுப்பது சில விநாடிதான்.

முதலில் காகித வேலை

இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு மான் வேட்டை என்றாலே கைவிலங்குதான் நினைவுக்கு வரும். இங்கே அது உரிமம், டேக் (ஒரு மானை அடிக்க அனுமதித்து, அடித்த மானில் கட்டும் சீட்டு), எண்ணிக்கைக் கணக்கு என்று அரசே நடத்தும் ஏற்பாடு. வேட்டைக் கருவிகள் மீதான கூட்டாட்சி வரி 1937-இல் வந்த சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்கே திரும்பிப் போகிறது. நீங்கள் வாங்கும் வில்லிலும் அம்பிலும் அந்த வரி அடங்கியிருக்கிறது.

அரிசோனா வேட்டை, மீன்வளத் துறையின் இணையதளத்தில் இரண்டு பொருள் வாங்க வேண்டும். ஒன்று, வேட்டை உரிமம். வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். இன்னொன்று, குலுக்கல் இல்லாமல் விற்கப்படும் வில்வேட்டை மான் டேக். இது காலண்டர் ஆண்டுக்குரியது. டிசம்பருக்கு வாங்கிய டேக் 31-ஆம் தேதி இரவோடு செத்துவிடும். ஜனவரிக்குப் புதிது வேண்டும். ஆண்டுக்கு ஒருவருக்கு ஒரு மான்தான் என்பதால், ஜனவரியில் அடித்துவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கு தீர்ந்தது. வெளி மாநிலத்தாருக்கு விற்கும் டேக்குகளுக்கு இப்போது உச்சவரம்பு இருப்பதால், டெக்சஸிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ வருகிறவர்கள் விற்பனை எப்போது தொடங்குகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பது நல்லது.

மாநிலம் முழுவதும் எண் போட்ட யூனிட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எல்லா யூனிட்டும் எல்லாப் பருவத்திலும் திறந்திருக்காது. திறந்திருக்கும் யூனிட்டிலும் எத்தனை மான் விழலாம் என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அந்த எண் நிரம்பியதும், அடுத்து வரும் புதன்கிழமை சூரியன் மறையும்போது யூனிட் மூடப்படும். ஆகவே புறப்படும் நாளன்று துறையின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். மாற்று யூனிட் ஒன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாநிலத்துக்கே உரிய சில விதிகளும் உண்டு. வேட்டைக்காக மரத்தில் தானியங்கிக் கேமரா கட்டுவது 2022 ஜனவரி 1 முதல் தடை. தீனி போட்டு வரவழைப்பதும் கூடாது. தண்ணீர்த் தொட்டி, சுனை ஆகியவற்றிலிருந்து கால் மைல் தள்ளித்தான் கூடாரம் போடலாம். இல்லையென்றால் விலங்குகள் தண்ணீருக்கு வர அஞ்சும். வண்டியிலிருந்து எய்யக்கூடாது, சாலையின் குறுக்கே எய்யக்கூடாது. பெரியவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இங்கே கட்டாயமில்லை. ஆனாலும் அந்த வகுப்புக்குப் போய்வரச் சொல்வேன். பின்னொரு நாள் கொலராடோவுக்குப் போக ஆசை வந்தால், 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த எல்லோரிடமும் அங்கே அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

சாண்ட்லர், பீனிக்ஸ் பக்கத்துத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: எச்-1பி விசாவில் இருக்கிறவர் வில் வைத்திருக்கலாமா? வைத்திருக்கலாம். கூட்டாட்சிச் சட்டத்தின் கணக்கில் வில் துப்பாக்கி வகையில் சேராது. தற்காலிக விசாக்காரர்களுக்குத் துப்பாக்கி விஷயத்தில் இருக்கிற கட்டுப்பாடு வில்லுக்குப் பொருந்தாது.

வில்லும் தோளும்

மாநில விதிப்படி வில்லின் இழுவிசை குறைந்தது 30 பவுண்டு; அம்புமுனை உலோக வெட்டு விளிம்போடு, அகலம் குறைந்தது எட்டில் ஏழு அங்குலம். இது சட்டம் கேட்பது. மானுக்கு நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமென்றால் காம்பவுண்ட் வில்லில் (கப்பி வைத்த நவீன வில்) 50, 60 பவுண்டும், 400 முதல் 500 கிரெயின் (சுமார் 26 முதல் 32 கிராம்) எடையுள்ள அம்பும் வைத்துக்கொள்ளுங்கள். 70 பவுண்டு இழுக்கிறேன் என்று வீம்புக்கு நிற்காதீர்கள். ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். வில்லை இலக்குக்கு நேரே நீட்டி, மெதுவாக, நேர்க்கோட்டில் பின்னால் இழுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்கி உடம்பை வளைத்தால்தான் வருகிறது என்றால் அந்த எடை உங்களுக்கு அதிகம். முப்பது கெஜத்தில் மான் நிற்கும்போது அப்படி வானத்தைக் குத்தினால் அது பார்த்துவிடும்.

கடையில் உங்கள் கை நீளத்துக்கு அளந்து பொருத்தித் தருவார்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, இழுவை நீளம் பொருந்தாமல் அவதிப்படுவதைவிட இதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது; வில் உடையும், முகத்தில் தெறிக்கும். பீனிக்ஸுக்கு வடக்கே துறையே நடத்தும் பென் ஏவரி பயிற்சித் தளத்தில் வில்லுக்கென்று தனி இடம் இருக்கிறது. ஜனவரி வேட்டைக்கு முந்தைய வசந்தத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

பயிற்சியில் ஐம்பது அம்பு விடுவது தோளுக்கு நல்லது. ஆனால் வேட்டையில் கணக்கு முதல் அம்புக்கு மட்டும்தான். எனவே காலையில் எழுந்து, உடம்பு சூடாகாமல், வேட்டைக்குப் போடும் அதே குளிர்ச்சட்டையும் முதுகுப்பையுமாக ஒரே ஒரு அம்பை விட்டுப் பாருங்கள். நின்று ஒரு நாள், மண்டியிட்டு ஒரு நாள், சரிவில் உட்கார்ந்து ஒரு நாள். அந்த முதல் அம்பு எட்டு அங்குல வட்டத்துக்குள் தவறாமல் விழும் தூரம் எதுவோ அதுவே உங்கள் எல்லை. பலருக்கு அது 30, 40 கெஜத்தில் நின்றுவிடும். அது போதும். எண்பது கெஜத்தில் இலக்குப் பலகையைத் துளைக்கும் ஆட்களைப் பார்த்து மயங்காதீர்கள், பலகை நகராது.

வேட்டைக்குக் கொண்டுபோகும் கூர்முனையோடும் சில அம்புகள் எய்து பார்த்தே ஆகவேண்டும். பயிற்சி முனையோடு நேராகப் போகும் அம்பு, நிலையான அலகுள்ள முனை மாட்டியதும் ஓரமாக ஒதுங்கலாம். ஒதுங்கினால் வில்லைச் சரி பார்க்கக் கடைக்குக் கொண்டு போங்கள். எய்து பழகிய அலகுகளை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள், புது அலகு மாட்டுங்கள்.

பணத்தை எங்கே போடுவது

வில்லில் மிச்சம் பிடித்து பைனாகுலரில் போடுங்கள். 10x42 (பத்து மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் ஒன்று, அதை மாட்ட ட்ரைபாட் ஒன்று, மாட்டும் கொக்கி ஒன்று. இந்த ட்ரைபாட் விஷயத்தைப் புதியவர்கள் நம்புவதில்லை. கையில் பிடித்துப் பார்த்தால் கை நடுக்கத்தில், எழுந்து நிற்கும் மான் மட்டும்தான் தெரியும். ட்ரைபாடில் நிறுத்திப் பார்த்தால் புதர் நிழலில் படுத்திருக்கும் மானின் காது திரும்புவது தெரியும். தெற்கு அரிசோனாவின் பழைய ஆட்கள் 15x56 வைத்திருப்பார்கள், அதற்கு அவசரமில்லை.

சரிவுக் கோணத்தைக் கழித்துத் தூரம் சொல்லும் கருவியான ரேஞ்ச்ஃபைண்டர் தேவை. காற்று பார்க்க, மாவுப்பொடி நிரப்பிய சிறு பிளாஸ்டிக் புட்டி. பொது நிலத்தையும் தனியார் நிலத்தையும் பிரித்துக் காட்டும் வரைபடச் செயலியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், காட்டில் சிக்னல் இருக்காது. அதே காரணத்துக்காக சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவியும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். உட்கார ஒரு நுரை மெத்தைத் துண்டு: கள்ளி முள் கிடக்கிற தரையில் நான்கு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் சீப்பும் இடுக்கியும். சோய்யா கள்ளி என்று ஒன்று அங்கே உண்டு. லேசாக உரசினாலே ஒரு முழுத் துண்டு கழன்று வந்து காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையும் மாட்டும். சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே செருகி ஒரே வீச்சில் தள்ளிவிட்டு, மிஞ்சிய முள்ளை இடுக்கியால் எடுங்கள்.

எங்கே போவது

தேசிய வனம், நில நிர்வாகத் துறையின் பொது நிலம், மாநில அறக்கட்டளை நிலம் மூன்றும் உங்களுக்குத் திறந்தவை. கடைசியதில் செல்லுபடியாகும் வேட்டை உரிமமே அனுமதிச்சீட்டு. சாவாரோ தேசியப் பூங்காவில் வேட்டை கிடையாது. டூசானுக்குத் தென்மேற்கே பாபோகிவாரி மலைக்கும் சியரீட்டா மலைக்கும் நடுவே கிடக்கும் ஆல்டர் பள்ளத்தாக்கு மியூல் மானுக்குப் பெயர் பெற்றது. பாபோகிவாரியின் மேற்குப் பக்கம் டொஹோனோ ஓதம் பழங்குடியினரின் தேசம். அந்தச் சிகரம் அவர்களுக்குப் புனிதமானது. அவர்கள் அனுமதியில்லாமல் அந்த எல்லைக்குள் கால் வைக்காதீர்கள். மாட்டுப் பண்ணை வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள்.

இந்த நிலம் நம்மவர்களுக்கு அவ்வளவு அந்நியமில்லை. ஓடைக்கரை எங்கும் நிற்கும் மெஸ்கீட் மரம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் ஒன்றுவிட்ட உறவு. முள்ளும் அதே முள்தான். செங்குத்தான மலை உச்சிகளை விட்டுவிடுங்கள், அங்கே இருப்பது பெரும்பாலும் கூஸ் வெள்ளைவால் மான். மியூல் மான் மலையடிவாரச் சரிவுகளிலும், தாழ்ந்த மேடுகளிலும், சமவெளியைக் கிழித்துக்கொண்டு போகும் மணல் ஓடைகளிலும் இருக்கும். ஹொஹோபா புதர் மண்டிய சரிவு, பீப்பாய்க் கள்ளியின் மஞ்சள் காய்கள் கடித்துப் போடப்பட்ட இடம், மாட்டுத் தொட்டிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் புதுக் குளம்புத் தடம்: இவை இருக்கும் பக்கமாகப் பார்வைக்கு ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு மானும் ஒரே யூனிட்டில் இருப்பதால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். மியூல் மானுக்குக் காது முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரியது. வால் கயிறு போல மெலிந்து, நுனி கறுத்திருக்கும். கொம்பு இரண்டாகக் கிளைத்து, கிளையும் இரண்டாகக் கிளைக்கும். பயந்து ஓடும்போது நான்கு காலையும் ஒருசேர ஊன்றித் துள்ளும். கூஸ் மான் சிறியது, அகன்ற வாலை வெள்ளை தெரியத் தூக்கிக்கொண்டு ஓடும், கொம்பில் ஒரே தண்டிலிருந்து முனைகள் எழும். சில யூனிட்களில் சில பருவங்களில் இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுமதி என்பதை டேக் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

உட்கார்ந்து தேடுதல்

ஜனவரித் தொடக்கத்தில் டூசானில் சூரிய உதயம் ஏழு இருபதைத் தாண்டித்தான். இருட்டில் மேடேறி, வெளிச்சம் வரும்போது ட்ரைபாடை நிறுத்தி முடித்திருக்க வேண்டும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி மேற்கு நோக்கி உட்காருங்கள். எதிர்ச்சரிவில் விழும் முதல் வெயிலில் மானின் பின்புற வெள்ளை பளிச்சென்று தெரியும். மாலையில் மேற்கேயிருந்து கிழக்காகப் பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் வெறும் பார்வையில் மொத்தத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பிறகு அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி கட்டம் கட்டமாக எடுங்கள். பைனாகுலர் வட்டத்துக்குள் அடங்கும் நிலத்தை முழுதாகப் பார்த்து முடித்த பிறகே அடுத்த வட்டத்துக்கு நகர வேண்டும். முழு மானைத் தேடினால் கிடைக்காது. நெட்டுக்குத்தான புதர்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு முதுகுக் கோடு, ஒரு காது, கொம்பில் ஒரு மினுக்கம் என்று துண்டு துண்டாகத்தான் கண்ணில் படும். ஒரு கட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டோம் என்று தள்ளிவிடாதீர்கள். நிழல் நகர்ந்ததும் மான் எழுந்து இரண்டடி தள்ளிப் படுக்கும், அப்போது அது வரை இல்லாத மான் அங்கே இருக்கும்.

இந்தப் பருவத்தில் தேட வேண்டியது பெட்டைகளை. பெட்டைக் கூட்டம் ஒன்று கண்ணில் பட்டால், ஆண் இல்லையே என்று அடுத்த சரிவுக்குத் தாவாமல் ஒரு மணி நேரம் அவற்றோடு இருங்கள். தலையைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டி, மோப்பம் பிடித்தபடி ஓர் ஆண் எங்கிருந்தோ வந்து சேரும். பெட்டையின் சிறுநீரை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்கும். அப்படி நிற்கும் ஆண் அந்தக் கூட்டத்தை விட்டு அன்றைக்குப் போகாது என்று ஓரளவு நம்பலாம். கூட்டம் கூட்டமாக மோந்துவிட்டு வேகமாக நடையைக் கட்டும் ஆண் வேறு வகை. அதைத் துரத்திப் போகாதீர்கள், இரண்டு கால் பிராணியால் முடியாத காரியம்.

பத்து மணிக்கு எல்லோரும் வண்டிக்குத் திரும்பிச் சோறு தின்னப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். மேட்டிலேயே ரொட்டியைத் தின்றுகொண்டு பாருங்கள்.

நெருங்குதல்

கண்டவுடன் கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். முதலில், மான் என்ன செய்கிறது? நடந்துகொண்டிருந்தால் அது படுக்கும் வரையோ மேயத் தொடங்கும் வரையோ காத்திருங்கள். படுத்துவிட்டால், எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது, கூட எத்தனை பெட்டைகள், அவை எங்கெங்கே என்று எண்ணுங்கள். ஆணின் புத்தி இப்போது வேறிடத்தில் இருக்கும். உங்களைக் காட்டிக்கொடுக்கப் போவது அது அல்ல, நீங்கள் எண்ணத் தவறிய கிழட்டுப் பெட்டை. ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 300 டிகிரி சுற்றளவுக்குப் பார்வை உண்டு. மானுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது, ஆனால் அசைவு உடனே தெரியும். எனவே உடுப்பின் இலை வடிவத்தை விட உங்கள் கை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதே முக்கியம்.

அடுத்து காற்று. இரவிலும் விடியற்காலையிலும் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழிறங்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலேறும். இடைப்பட்ட ஒரு மணி நேரம், பெரும்பாலும் எட்டரை ஒன்பது வாக்கில், அது எந்தப் பக்கமும் நிலையாக இருக்காது. அந்த நேரத்தில் நெருங்கப் போகாதீர்கள். மேலேறும் காற்று நிலைத்த பிறகு, மானுக்கு மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ இறங்குவதுதான் மலைச்சரிவில் வழக்கம். சமவெளி ஓடைகளில் சரிவுக் காற்று பெரிதாக இல்லை, அன்றைய பொதுக் காற்றை வைத்தே வழி போட வேண்டும். காற்று உங்கள் கன்னத்தில் பக்கவாட்டாகவோ நேர் எதிராகவோ படும்படி. முதுகில் பட்டால் எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். மூக்கில் மனித வாடை பட்ட மானிடம் மறுவாய்ப்பு கிடையாது. ஆனால் நீங்கள் விலகிப் போய்விட்டால் அதே மான் நாளை அதே சரிவில் இருக்கக்கூடும்.

புறப்படுவதற்கு முன்பு மேட்டிலிருந்து போனில் ஒரு படம் எடுங்கள். மான் படுத்திருக்கும் புதருக்குப் பக்கத்தில் தனியாகத் தெரியும் ஒரு சாவாரோ கள்ளி, ஒரு வெள்ளைப் பாறை என்று இரண்டு மூன்று குறிகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கியதும் எல்லாப் புதரும் ஒரே மாதிரி இருக்கும். கூட ஒரு நண்பர் இருந்தால் அவர் மேட்டிலேயே இருந்து மானைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பாதித் தூரத்துக்கு ஓடையின் மறைவில் வேகமாகவே நடக்கலாம். கடைசி இருநூறு கெஜத்தில்தான் நடை மாறுகிறது. முதுகுப்பையை அங்கேயே இறக்கி, இடத்தைப் போனில் குறித்துவிட்டு, வில்லும் ரேஞ்ச்ஃபைண்டரும் பைனாகுலருமாக மட்டும் போங்கள். மலை மாநிலங்களில் இந்தக் கட்டத்தில் காலணியைக் கழற்றிக் கம்பளிக் காலுறையோடு நகர்வதைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். இங்கே அது வேண்டாம், சோய்யா முள் காத்திருக்கிறது. மெல்லிய அடிப்பாகமுள்ள காலணி, அல்லது காலணிக்கு மேலே இழுத்து மாட்டும் தடித்த கம்பளி உறை நல்லது. பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, கீழே சுள்ளி இல்லையென்று உணர்ந்த பிறகு எடையை இறக்குங்கள். மூன்றடிக்கு ஒருமுறை நின்று பைனாகுலரில் பாருங்கள். இருபது கெஜம் தள்ளியிருக்கும் புதரையும் பைனாகுலரில்தான் பார்க்க வேண்டும், அதற்குள் ஒரு காது இருக்கலாம். காற்று ஒரு வீச்சு வீசி மெஸ்கீட் கிளைகள் உரசும்போது நகருங்கள், ஓய்ந்ததும் நில்லுங்கள்.

எய்யும் தூரத்துக்குள் வந்துவிட்டீர்கள், மான் இன்னும் படுத்தே இருக்கிறது. கல்லை எறிந்து எழுப்பலாமா என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். பதறி எழும் மான் ஓடும். தானாக எழும் மான் முதலில் நின்று உடம்பை முறுக்கும், சுற்றிப் பார்க்கும், பிறகே நடக்கும். அது ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். அதற்குள் சுற்றியுள்ள மூன்று நான்கு குறிகளுக்குத் தூரம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எய்தல்

மானின் தலை புதருக்கோ மரத்துக்கோ பின்னால் போகும்போது, அல்லது அது பெட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வில்லை இழுங்கள். உங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் இழுக்கக்கூடாது. நடந்துபோனால் வாயால் ஆட்டுக்குட்டி மாதிரி மெல்ல ஒரு ஒலி கொடுங்கள். பல சமயம் நிற்கும்.

ஏற்கத்தக்க நிலை இரண்டே. ஒன்று, முழுப் பக்கவாட்டு. இன்னொன்று, சற்றே அப்பால் திரும்பிய நிலை. பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடலின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். அப்பால் திரும்பியிருந்தால் எதிர்ப்பக்க முன்னங்கால் வழியே அம்பு வெளியேறும்படி. நேருக்கு நேர், நேர் பின்புறம், கொடிகளுக்கு ஊடே: மூன்றும் கூடாது. ஒரு விரல் கனக் குச்சி அம்பைத் திருப்பிவிடும்.

நாண் ஓசைக்கு மான் பதுங்குவது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டால் புரியும். 40 கெஜம் என்பது 120 அடி. விநாடிக்கு 270 அடி போகும் அம்புக்கு அந்தத் தூரம் கடக்க 0.44 விநாடி வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 1,100 அடி போவதால் 0.11 விநாடியில் காதுக்குள் விழுந்துவிடும். மிச்சமிருக்கும் மூன்றில் ஒரு விநாடியில் மான் கால்களை மடக்கி ஓடத் தயாராகிறது, அதில் முதுகு ஒரு சாண் கீழே இறங்கினாலே அம்பு மேலே போய்விடும். காதை உங்கள் பக்கம் திருப்பி, உடம்பை விறைத்து நிற்கும் மானுக்கு உங்கள் எல்லையில் பாதியைத்தான் எல்லையாக வைக்க வேண்டும். தலை குனிந்து மேயும் மானுக்கு முழுதும்.

எய்த பிறகு

அசையாதீர்கள். அம்பு எங்கே பட்டது, மான் எப்படித் துள்ளியது, கடைசியாக எந்தப் புதர் பக்கம் மறைந்தது என்று பாருங்கள். நீங்கள் நின்ற இடத்தில் ஒரு பட்டை ரிப்பன் கட்டுங்கள். பிறகு கடிகாரம் பாருங்கள். இந்த நேரத்தில் நெஞ்சு படபடக்கும், ஐந்து நிமிடம் அரைமணி போலத் தோன்றும். கடிகாரத்தை மட்டும் நம்புங்கள்.

அரைமணி கழித்து அம்பை எடுத்துப் பாருங்கள். வெளிர்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல். மான் பெரும்பாலும் நூறு நூற்றைம்பது கெஜத்துக்குள் விழுந்திருக்கும், போகலாம். அடர்ந்த கருஞ்சிவப்பு என்றால் ஈரல். சத்தமில்லாமல் விலகி நான்கு மணி நேரமாவது விடுங்கள். பச்சைத் துணுக்கும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணி நேரம், முடிந்தால் பன்னிரண்டு. அவசரப்பட்டுத் தொடர்ந்தால் சாகக் கிடக்கிற மானை எழுப்பி ஒரு மைல் துரத்திவிடுவீர்கள், பிறகு கிடைக்காது. ரத்தச் சொட்டைத் தேடும்போது தடத்தின் மேல் நடக்காமல் பக்கத்தில் நடந்து, கடைசிச் சொட்டில் ரிப்பன் கட்டியபடி போங்கள். பாலைவன மண்ணில் ரத்தம் சீக்கிரம் உறிஞ்சப்படும். புல் தண்டிலும் இலையின் பக்கவாட்டிலும் பாருங்கள்.

விழுந்த மானைப் பின்பக்கமிருந்து நெருங்கி, கண்ணில் ஒரு குச்சி நுனியைத் தொடுங்கள். இமைக்கவில்லையென்றால் முடிந்தது. டேக்கை உடனே கட்டுங்கள், படம் எடுப்பதெல்லாம் அப்புறம். ஆண் மான் என்று காட்டும் அடையாளத்தை விதிப்புத்தகம் சொல்கிறபடி கறியோடு விட்டுவையுங்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் துறைக்குத் தொலைபேசியிலோ இணையத்திலோ தகவல் கொடுக்க வேண்டும். யூனிட் கணக்கு அதை வைத்துத்தான் ஓடுகிறது.

கறி

உண்ணத்தக்க கறியைக் காட்டில் வீணாக விடுவது சட்டப்படி குற்றம். குடலை வெளியே எடுக்காமலே வேலையை முடிக்கும் முறை புதியவர்களுக்கு வசதி. மானை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகுத்தண்டை ஒட்டி கழுத்திலிருந்து வால் வரை தோலைக் கீறி வயிற்றுப் பக்கமாக உரியுங்கள். முன்னங்காலை உடம்போடு இணைக்கும் எலும்பு மூட்டே இல்லை. கத்தியைத் தோள்பட்டைக்கு உள்பக்கமாக விட்டால் தானே கழன்று வரும். பின்தொடையை இடுப்பு மூட்டில் வெட்டி எடுங்கள். தண்டின் ஓரமாக நீளவாட்டில் ஓடும் முதுகுக்கறியை ஒரே துண்டாக உரித்தெடுங்கள். கழுத்துக்கறி, விலாக்கறி. பிறகு மறுபக்கம் புரட்டி அதையே செய்யுங்கள். கடைசி விலாவுக்குப் பின்னால் கையை விட்டால் உள்பக்க மெல்லிய கறி இரண்டும் கைக்கு வரும். ஒவ்வொன்றையும் காற்றுப்புகும் பருத்திப் பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வெப்பம் அடங்கிக் கறி கெடும். இரவுக் குளிர் உங்களுக்கு உதவும், ஆனால் மதிய வெயிலில் ஈ வந்துவிடும். நடுத்தர ஆண் மானில் எலும்பு நீக்கி 25 கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின் தேறும், ஆகவே வண்டிக்கு இரண்டு நடை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வெள்ளைச் சவ்வையும் கொழுப்பையும் முழுதாக நீக்குங்கள். ஆட்டுக் கொழுப்பு ருசி, மான் கொழுப்பு மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். முதுகுக்கறியைக் குழம்பில் போட்டுப் பாழாக்காதீர்கள். இரும்புக் கல்லைக் காயவைத்து, நல்லெண்ணெயும் நுணுக்கிய மிளகும் உப்பும் மட்டும் சேர்த்து, உள்ளே சிவப்பு மாறாமல் எடுங்கள். தொடை சுக்காவுக்கு. கால்நல்லி குக்கரில் எட்டு விசில் வைத்து ரசத்துக்கு.

வெளி மாநிலத்துக்குக் கறியோடு போகிறவர்கள் அந்த மாநில விதியைப் பாருங்கள். மான்களின் மூளையைத் தின்னும் நோய் ஒன்று 1967-இல் கொலராடோவில் முதலில் தென்பட்டது. அது பரவாமலிருக்க, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் மூளையும் முதுகுத்தண்டும் எல்லை தாண்டி வருவதைத் தடுத்திருக்கின்றன. எலும்பு நீக்கிய கறி, சதையில்லாமல் சுத்தம் செய்த மண்டைத்தகட்டோடு கொம்பு: இவற்றை எடுத்துப் போகலாம். மண்டையைச் சுத்தம் செய்யும் வேலையைச் சோதனைச் சாவடிக்கு முந்தைய பெட்ரோல் பங்கில் வைத்துக்கொள்ளாமல், முகாமிலேயே முடித்துவிட்டுப் புறப்படுங்கள்.